டைமின் ‘ஆண்டின் நபர்’, ‘டைம் 100’: நமது பாடசாலை நூலகங்களுக்கு எந்தளவு உதவும்?

ஹிட்லரையும் ஸ்டாலினையும் அட்டையில் போட்ட சஞ்சிகையைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பது சரியா? டிசம்பரில் அமெரிக்கச் சஞ்சிகையான டைம் தன் ‘ஆண்டின் நபரை’ அறிவிக்கும்போது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அரசறிவியல் படிப்பிக்கிறவர்களுக்கும் பாடசாலை நூலகம் பார்க்கிறவர்களுக்கும் இந்தத் தயக்கம் வருவது இயல்பு. கொடுக்கலாம் என்பதே எங்கள் முடிவு. ஆனால் அட்டையை மட்டும் கொடுக்கக் கூடாது. இந்த வெளியீடுகளில் பயன் தருவது உள்ளே இருக்கும் எழுத்து. சண்டையைக் கிளப்புவது பெயரும் படமும். வாட்ஸ்அப் வழியாகவும் பொது அறிவுக் கையேடுகள் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்வது பெயரும் படமும் மட்டுமே.

இரண்டு வெளியீடுகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும், கையேடுகள் அவற்றை அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ‘ஆண்டின் நபர்’ 1927இல் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் அத்திலாந்திக் சமுத்திரத்தை விமானத்தில் தனியாகக் கடந்த சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கை உரிய நேரத்தில் அட்டையில் போடாமல் விட்ட டைம், ஆண்டு முடிவில் அந்தக் குறையைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு நபர், சில வேளை ஒரு குழு, 1982இல் கணினி, 1988இல் பூமி என்று தெரிவு மாறும். ஆனால் தெரிவுக்குக் காரணம் சொல்லும் நீண்ட கட்டுரை எப்போதும் இருக்கும். ‘டைம் 100’ வேறு சரக்கு. இருபதாம் நூற்றாண்டின் நூறு பேர் என 1999இல் முதலில் வந்து, 2004 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஏப்ரலில், வெளியாகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, இரண்டு பத்திக் குறிப்பு. அதை எழுதுபவர் பெரும்பாலும் டைமின் செய்தியாளர் அல்லர். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பிரபலம் ஒருவர்.

தெரிவுக்கான அளவுகோலை டைம் மறைத்ததில்லை. நல்லதற்கோ கெட்டதற்கோ, அந்த ஆண்டின் செய்திகளையும் நம் வாழ்வையும் மிக அதிகமாகப் பாதித்தவர் யார் என்பதே கேள்வி. பணப்பரிசும் பதக்கமும் இல்லை. 2007இல் விளாடிமிர் புட்டினைத் தெரிவு செய்தபோது அன்றைய ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்டெங்கல், இது கௌரவமும் அல்ல, ஆதரவும் அல்ல, பிரபலப் போட்டியும் அல்ல என்று அச்சிலேயே எழுதினார். இதை நோபல் சமாதானப் பரிசோடு கலந்து குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹிட்லருக்கு நோபல் கிடைக்கவிருந்தது என்ற கதையும் இந்தக் குழப்பத்தில்தான் வளர்ந்தது. நடந்தது இவ்வளவுதான்: 1939இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கண்டனக் கிண்டலாக ஹிட்லரின் பெயரைப் பரிந்துரைத்துவிட்டு, அதைத் தானே மீளப் பெற்றார். அதற்கும் டைமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி ஹிட்லர் இதழ். இதை விரிவாகப் பார்க்காமல் இந்தச் சர்ச்சை பிடிபடாது. அவர் 1938ஆம் ஆண்டுக்கான நபர். இதழின் திகதி 1939 ஜனவரி 2. ஒஸ்திரியாவை விழுங்கி, மியூனிக் உடன்படிக்கையால் செக்கோஸ்லோவாக்கியாவைப் பிய்த்து, நவம்பரில் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் நொறுக்கிய ஆண்டு அது. அந்த அட்டையில் ஹிட்லரின் முகத்தைப் பெரிதாகப் போடவில்லை. நாசிகளின் சிறையில் இருந்து விடுதலையான ஒஸ்திரிய ஓவியர் ருடோல்ப் வொன் ரிப்பர் வரைந்த படம் வந்தது: ஒரு சிறிய உருவம் மிகப் பெரிய தேவாலய ஓர்கனை வாசித்துக்கொண்டிருக்கிறது, மேலே சித்திரவதைச் சக்கரத்தில் பிணங்கள் தொங்குகின்றன. கட்டுரை அவரைச் சுதந்திரத்தை விரும்பும் உலகின் முன் நிற்கும் மிகப் பெரிய அச்சுறுத்தல் என்றது. 1938இன் மனிதர் 1939ஐ மறக்க முடியாத ஆண்டாக ஆக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடு முடிந்தது. எட்டு மாதத்தில் போலந்து தாக்கப்பட்டது.

இணையத்தில் ‘டைமின் ஹிட்லர் அட்டை’ என்று சுற்றும் படங்களில் பல இந்த அட்டையே இல்லை. டைம் வேறு வாரங்களிலும் ஹிட்லரை அட்டையில் போட்டிருக்கிறது. அவர் முகத்தின் மேல் சிவப்பால் குறுக்குக் கோடிட்ட 1945 மே 7 இதழும் அவற்றில் ஒன்று. முகம் மட்டும் உள்ள ஓர் அட்டையை எடுத்து ‘ஆண்டின் நபர்’ என்று ஒட்டினால், பார்க்கிறவருக்கு அது பாராட்டாகத்தான் தெரியும். ஓர்கனும் சக்கரமும் உள்ள அட்டையைப் பார்த்தவர் அப்படி நினைக்க வழியில்லை.

ஸ்டாலின் இரண்டு முறை வருகிறார், இரண்டுக்கும் காரணம் வேறு. 1939க்குத் தெரிவானது ஓகஸ்டில் ஹிட்லரோடு அவர் செய்த உடன்படிக்கை ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டதால். 1942க்குத் தெரிவானபோது ஸ்டாலின்கிராட்டில் ஜேர்மன் படை சிக்கியிருந்தது, அமெரிக்காவுக்கு அவர் கூட்டாளி ஆகியிருந்தார். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசித்தால் மூன்றே ஆண்டில் தொனி எவ்வளவு இளகியது என்பது தெரியும். மனிதர் அவரேதான். சிறைமுகாம்களும் அப்படியேதான் இருந்தன. மாறியது அமெரிக்காவின் நலன். செல்வாக்கை மட்டும் அளக்கிறோம் என்ற டைமின் வாதம் இந்த இடத்தில் ஓட்டையாகிறது. அளக்கும் கோலும் அந்தந்தக் காலத்து வொஷிங்டனின் பார்வையோடு வளைகிறது என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குத் திறந்து காட்ட வேண்டும். இதே வரிசையில் 1930க்கு, உப்பு யாத்திரை நடந்த ஆண்டுக்கு, காந்தி இருக்கிறார். காந்தியும் ஹிட்லரும் எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே பட்டியலில் வருவதை விளக்கினாலே அளவுகோல் என்ன என்பது வகுப்புக்குப் புரியும்.

இந்த அளவுகோலை டைம் கடைசிவரை தாங்கிப் பிடித்ததா? இல்லை. 1979க்கு ஆயத்துல்லா கொமெய்னியைத் தெரிவு செய்தபோது தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக் கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்க வாசகர்கள் கொதித்தார்கள், பலர் சந்தாவை நிறுத்தினார்கள். 2001இல் அந்த ஆண்டின் செய்தியை மாற்றியவர் ஒசாமா பின்லாடன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. டைம் தெரிவு செய்தது நியூயோர்க் நகர மேயர் ருடி ஜூலியானியை. ‘நல்லதற்கோ கெட்டதற்கோ’ என்று எழுதி வைத்த விதியைத் தன் சொந்த நாட்டுக் காயத்தின் முன் சஞ்சிகை கைவிட்டது என்றே நாங்கள் கருதுகிறோம். அதன்பின் புட்டினைப் போட்டு, இது கௌரவம் அல்ல என்று சொன்னால் ரஷ்யாவில் பாதிக்கப்பட்டவர்கள் எப்படி ஏற்பார்கள்? பிறர் காயத்துக்கு மட்டும் கடுமையான விதி என்றல்லவா அவர்களுக்குத் தோன்றும்.

டைம் 100க்கு வரும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். ஒரு தலைவரின் பெயர் பட்டியலில் இருப்பது ஒரு செய்தி, அந்தக் குறிப்பை யார் எழுதினார் என்பது அதைவிடப் பெரிய செய்தி. நரேந்திர மோடிக்கு 2015இல் எழுதியவர் பராக் ஒபாமா. வறுமையிலிருந்து எழுந்து வந்தவர் என்ற பாராட்டு அது. 2020இல் அதே மோடிக்கு எழுதியவர் டைமின் கார்ல் விக். முஸ்லிம்கள் குறிவைக்கப்பட்டதையும் எதிர்ப்புக் குரல் நெரிக்கப்பட்டதையும் நேராகவே சொன்னார். அந்த 2020 பட்டியலிலேயே டெல்லி ஷாஹீன் பாக்கில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிராக அமர்ந்த 82 வயது பில்கிஸும் இருந்தார். ‘மோடி டைம் பட்டியலில்’ என்று தலைப்பிட்ட செய்திகளில் இந்த இரண்டு விபரமும் எத்தனையில் வந்தன என்று தேடிப் பார்த்தால் பிரச்சினை எங்கே என்பது விளங்கும்.

இதே முறையில் சிறப்பாக அமைந்த குறிப்புகளும் உண்டு. 2022இல் புட்டினைப் பற்றி எழுத டைம் கேட்டது அலெக்ஸி நவால்னியை. அவர் அப்போது புட்டினின் சிறையில் இருந்தார், 2024 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார். 2017இல் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி டுட்டேர்ட்டேயின் போதைப்பொருள் ஒழிப்புக் கொலைகளைப் பற்றி எழுதியவர், அதே யுத்தத்தைத் தன் நாட்டில் நடத்திப் பார்த்துப் பாடம் படித்த கொலம்பிய முன்னாள் ஜனாதிபதி சேசார் கவீரியா. 2021இல் தலிபான் தலைவர் முல்லா அப்துல் கனி பராதரைப் பற்றி எழுதியவர் பாகிஸ்தானிய ஊடகவியலாளர் அஹ்மத் ரஷீத். பாதிக்கப்பட்டவரோ பாதிப்பைப் படித்தறிந்தவரோ எழுதினால் குறிப்பு உயிர்பெறுகிறது. நண்பரோ சக ஆட்சியாளரோ எழுதினால் அது வாழ்த்து அட்டை. எழுதியவர் பெயர் தெரியாமல் டைம் 100 குறிப்பு எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

‘ஆண்டின் நபர்’ தெரிவையொட்டி டைம் நடத்தும் வாசகர் வாக்கெடுப்பு முழுக்க ஒதுக்கப்பட வேண்டிய பகுதி. இணையத்தில் யாரும் வாக்களிக்கலாம், இறுதித் தெரிவு ஆசிரியர் குழுவுடையது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 2012இல் இணையக் குறும்பர்கள் கூட்டாக வாக்களித்து வடகொரியாவின் கிம் ஜொங் உன்னை முதலிடத்துக்கு ஏற்றினார்கள். டைம் தெரிவு செய்தது ஒபாமாவை. 2013 வாக்கெடுப்பில் முதலிடம் எகிப்தின் ஜெனரல் சிசிக்கு. தெரிவானவர் பாப்பரசர் பிரான்சிஸ். 2014இலும் 2016இலும் வாக்கெடுப்பில் வென்றவர் மோடி. தெரிவானது முறையே எபோலா நோயோடு போராடிய மருத்துவப் பணியாளர்களும் டொனால்ட் ட்ரம்பும். 2017இல் சவூதி முடிக்குரிய இளவரசர் முகம்மது பின் சல்மான் வென்றார். தெரிவானவர்கள் பாலியல் துன்புறுத்தலைப் பற்றி வாய்திறந்தவர்கள். ஒவ்வொரு முறையும் முதல் செய்திதான் வேகமாகப் பரவும். வளைகுடாவில் உழைக்கும் உறவுகள் நிறைந்த காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் போன்ற ஊர்களுக்கு இளவரசரைப் பற்றிய செய்தி எந்த வேகத்தில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாக்கெடுப்பு முடிவை ‘டைம் தெரிவு செய்தது’ என்று எழுதிய கையேடு எதுவானாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தி வைக்க வேண்டும்.

அந்த இளவரசர் விடயத்தில் டைமின் முழுப் போக்கையும் ஒரே ஆண்டுக்குள் பார்க்கலாம். 2018 ஏப்ரலில் அவர் அட்டையில் வந்தார். அவர் விற்பதை உலகம் வாங்கலாமா என்ற கேள்வியோடு. ஒக்டோபர் 2 அன்று ஊடகவியலாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல் சவூதித் துணைத்தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். டிசம்பரில் ‘ஆண்டின் நபர்’ அட்டையில் கஷோக்ஜி. இறந்துபோன ஒருவரை டைம் தெரிவு செய்தது அதுவே முதல் தடவை. அவரோடு டுட்டேர்ட்டே அரசு வழக்குமேல் வழக்குப் போட்ட ஊடகவியலாளர் மரியா ரெஸ்ஸா, மியன்மாரில் சிறையிலிருந்த ஊடகவியலாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேரை இழந்த அமெரிக்க உள்ளூர்ப் பத்திரிகையான கெப்பிட்டல் கெசெட் என நான்கு அட்டைகள் வந்தன. நமது பாடசாலைகளுக்கு ஒரே ஓர் இதழைப் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் பரிந்துரைப்போம். மட்டக்களப்பு, 2004 மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்ட நகரம். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் தராக்கி சிவராம் பிறந்த மண்ணும் இதுவே. செல்வாக்கு என்றால் என்ன, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை அந்த இதழை வைத்து இங்கே படிப்பிப்பது வேறெங்கும் படிப்பிப்பதை விட எளிது. பாதிக் கதை பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும்.

டைமின் பக்கம் உள்ள பெரிய குறை, அது சொல்வதும் விற்பதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது. இது கௌரவம் அல்ல என்று கட்டுரை சொல்லும். டைம் 100க்கு நியூயோர்க்கில் சிவப்புக் கம்பளத்தோடு இரவு விருந்து நடக்கும். பாடகரும் நடிகரும் விளையாட்டு வீரரும் நிறைந்த பட்டியலுக்குள் ஒரு சர்வாதிகாரியை வைத்தால், பக்கத்துப் படங்களின் மினுக்கம் அவர்மேலும் படியும். இது வாசகரின் அறியாமை அல்ல, பக்க அமைப்பின் விளைவு. 2018இல் தொழிலதிபர் மார்க் பெனியொவ் தம்பதி 190 மில்லியன் டொலருக்கு டைமை வாங்கிய பிறகு பட்டியல்களும் பெருகிவிட்டன: வளரும் தலைவர்கள், நிறுவனங்கள், செயற்கை நுண்ணறிவு, காலநிலை, சுகாதாரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நூறு. ஒருவர் ‘டைம் 100இல் இடம்பிடித்தார்’ என்று செய்தி வந்தால் எந்த நூறு என்று முதலில் கேட்க வேண்டும்.

மாற்றுச் சரக்குகள் இதைவிட மேலா என்றால், இல்லை. வணிகச் சஞ்சிகையான ஃபோர்ப்ஸ் 2009 முதல் 2018 வரை வெளியிட்ட உலகின் அதிகாரமிக்கோர் பட்டியலுக்கு நான்கு அளவுகோல்கள் இருந்தன: எத்தனை பேர்மீது அதிகாரம், கையிலுள்ள பணம், எத்தனை துறைகளில் செல்வாக்கு, அதிகாரத்தை உண்மையில் பயன்படுத்துகிறாரா. கணக்குத் தெளிவு, ஆனால் விளக்க எழுத்து மிகச் சொற்பம். முதல் ஆண்டிலேயே மெக்சிக்கோ போதைப்பொருள் கடத்தல்காரர் எல் சாப்போ 41ஆம் இடத்தில் வந்தார். 2013 முதல் நான்கு முறை தொடர்ந்து முதலிடம் புட்டினுக்கு. வகுப்பில் விவாதிக்க இதில் பிடிமானம் குறைவு. மிக மோசமான உதாரணம் ஆடை அலங்காரச் சஞ்சிகையான வோக். 2011 மார்ச் இதழில் அன்றைய சிரிய ஜனாதிபதி பஷார் அல் அசாத்தின் மனைவி அஸ்மாவைப் பாலைவன ரோஜா என்று புகழ்ந்து கட்டுரை போட்டது. அதே மாதம் சிரியாவில் மக்கள் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும் தொடங்கின. கட்டுரையை இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். டைமின் ஹிட்லர் கட்டுரை இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது, வோக்கின் கட்டுரையை அதை வெளியிட்டவர்களே தாங்க முடியவில்லை. அதிகாரத்தின் அலங்காரத்தை மட்டும் எழுதினால் இதுதான் நடக்கும்.

இனிப் பயன்படுத்தும் முறை. அச்சுப் பிரதிக்கு இங்கே அலைய வேண்டாம். டைம் தன் இணையத்தளக் கட்டணத்தை 2023 ஜூன் 1 முதல் நீக்கிவிட்டது. பழைய கட்டுரைகளும் அட்டைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியில் விளம்பரங்கள் டேட்டாவைத் தின்னும். உலாவியில் வாசிப்புப் பார்வையை அழுத்தினால் எழுத்து மட்டும் நிற்கும், அதை அப்படியே பீடிஎஃப் ஆகச் சேமித்துப் பாடசாலைக் கணினியில் வைக்கலாம். போட்டோக்கொப்பி எடுப்பதானால் எழுத்தை எடுங்கள். அட்டை கறுப்பு வெள்ளையில் கரியாகத்தான் வரும், ஹிட்லர் அட்டையின் சக்கரமும் பிணங்களும் அதில் தெரியாது. அட்டையைக் கணினித் திரையில் காட்டுவதே நல்லது.

40 நிமிடப் பாடவேளை ஒன்றுக்கு ‘ஆண்டின் நபர்’ கட்டுரை நீளம். தமிழ்மொழி மூல மாணவருக்கு அந்த ஆங்கிலமும் பாரம். மோடி பற்றிய 2015, 2020 குறிப்புகள் இரண்டும் சரியான அளவு. எழுதியவர் பெயரை மறைத்து இரண்டையும் கொடுத்து, 15 நிமிடம் வாசிக்க விட்டு, எந்தக் குறிப்பை எந்தப் பதவியில் இருப்பவர் எழுதியிருப்பார், எந்த வரி அதைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்கலாம். பெயரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் திறந்தால் போதும். முதலிலேயே ஒபாமா என்று சொல்லிவிட்டால் மாணவர் வாசிப்பதை விட்டுவிட்டு ஒபாமாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், பாடம் அத்தோடு போய்விடும்.

காட்சிப் பலகை வைப்பதானால் அட்டைக்குக் கீழே மூன்று விபரம் கட்டாயம்: எந்த ஆண்டுக்கான தெரிவு, இதழின் திகதி, கட்டுரையின் தீர்ப்பு ஒரு வரியில். ஆண்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பழைய இதழ்கள் ஆண்டு முடிந்து ஜனவரியில் வந்தவை. காந்தியின் இதழ் 1931 ஜனவரி 5, தெரிவு 1930க்கு. ஹிட்லரின் இதழ் 1939, தெரிவு 1938க்கு. ஸ்டாலினின் முதல் இதழ் 1940 ஜனவரி 1, தெரிவு 1939க்கு. கொமெய்னியின் இதழ் 1980, தெரிவு 1979க்கு. இதழின் ஆண்டை எடுத்து விடை எழுதினால் 1939க்கு ஸ்டாலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிட்லர் வந்துவிடுவார், பல்தேர்வு வினாவில் புள்ளி போகும்.

போலி அட்டைகளும் உண்டு. 2017இல் வொஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டு வந்த உதாரணம் நல்ல பாடம்: ட்ரம்பின் கோல்ப் மன்றங்களில் சட்டமிட்டுத் தொங்கிய டைம் அட்டை, திகதி 2009 மார்ச் 1. அந்தத் திகதியில் டைம் இதழே இல்லை. சிவப்புக் கரை வழமையைவிட மெல்லியது, தலைப்புகளில் ஆச்சரியக்குறி. உள்ளூர் அரசியல்வாதிக்கோ வெளிநாட்டுத் தலைவருக்கோ டைம் அட்டை வந்ததாகப் படம் வந்தால், அதிலுள்ள திகதியை டைமின் அட்டைக் களஞ்சியத்தில் தேடுங்கள். அந்தத் திகதியில் இதழ் இல்லையென்றாலோ, இருந்தும் அட்டை வேறென்றாலோ, அந்தப் படத்தைப் பலகையில் ஒட்ட வேண்டாம், வகுப்புக் குழுவுக்கு அனுப்பவும் வேண்டாம்.